மகளுக்கு ஊசி சரி, அம்மாவுக்கு என்ன? கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு வகுப்புப் பெட்டி: ஒரு மதிப்புரை

பெட்டியைத் திறந்ததும் கையில் வருவது 20 தாள் கொண்ட ஃபிளிப் சார்ட். அதன் அடியில் துணியில் தைத்த கருப்பை மாடல், கேள்விச் சீட்டு போடத் துளை வைத்த சின்ன அட்டைப்பெட்டி, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப 50 அட்டைகள், வகுப்பு எடுப்பவருக்கு ஒரு கையேடு. 9 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பெண் பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் ஒன்றாக உட்காரவைத்து, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது எப்படி என்று ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கத் தயாரித்தது. நர்ஸ், ஆசிரியை, தன்னார்வலர் என யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறது கையேடு. எடுக்கலாம்தான். அதற்கு முன் சில தாள்களைத் திருத்த வேண்டும், இரண்டைக் கழற்றியே வைக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மகளுக்கு இந்தப் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. அம்மாவுக்குச் செய்யவில்லை. 20 தாளில் தடுப்பூசிக்கு 10 தாள்; அம்மா எடுத்துக்கொள்ள வேண்டிய பரிசோதனைக்குக் கடைசி இரண்டே தாள். மகளைக் கூட்டிவந்தவர், சம்மதக் கையெழுத்துப் போடுபவர் என்ற அளவில்தான் அம்மாவைப் பார்க்கிறது. நோயின் கணக்கோ வேறு. இன்று மகளுக்குப் போடும் ஊசியின் முழுப் பலன் தெரிய இருபது, முப்பது வருடம் ஆகும். அம்மாவோ இந்த மாதமே பரிசோதனை எடுக்க வேண்டிய வயதில் எதிரே உட்கார்ந்திருக்கிறார். 2022-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த அம்மாக்களின் வயதிலும் அதற்கு மேலும் இருந்தவர்கள்.

இனி தாள்களுக்கு வருவோம்.

முதல் தாளிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. தலைப்பைப் பெரிய எழுத்தில் இரண்டு வரியாக உடைத்திருக்கிறார்கள். மேல் வரியில் ‘கருப்பை’, கீழ் வரியில் ‘வாய்ப் புற்றுநோய்’. மேல் வரி வெளிர் நிறம், கீழ் வரி அடர் சிவப்பு. பின்வரிசையில் இருப்பவர் கண்ணில் விழுவது கீழ் வரி மட்டும்தான். வாய்ப் புற்றுநோய் என்று படித்ததும் நினைவுக்கு வருவது புகையிலை. “எங்க வீட்ல யாருக்கும் அந்தப் பழக்கமே இல்லையே சிஸ்டர்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களும் தலையாட்டிவிடுவார்கள், வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அடுத்த அச்சில் தலைப்பு ஒரே வரியில் வர வேண்டும். அதுவரை, வகுப்பை ‘வாய்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குங்கள். குடத்துக்கு ஒரு வாய் இருக்கிறது. கருப்பையைத் தலைகீழாகப் பிடித்த குடமாக நினைத்துக்கொண்டால், கீழே பிறப்புறுப்புப் பாதைக்குள் திறக்கும் அதன் வாய்தான் நாம் பேசப்போவது. மாதவிடாய் இரத்தம் வெளியே வரும் வழியும் அதுதான், குழந்தை வரும் வழியும் அதுதான். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

துணி மாடல் பெட்டியிலேயே சிறந்த பொருள். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று சின்னத் தலையணை அளவுக்குத் தைத்திருக்கிறார்கள். அளவைச் சொல்லாமல் தூக்கிக் காட்டினால், வயிற்றுக்குள் இவ்வளவு பெரியது இருக்கிறதா என்று பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். நிஜக் கருப்பை ஏழு, எட்டு சென்டிமீட்டர் நீளம்தான். ஒவ்வொருவரையும் கையை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முஷ்டி அளவு. கருப்பை வாய் சுமார் மூன்று சென்டிமீட்டர். தொட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட, மூக்கு நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது வழக்கம். அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைத் தொடும்போது முதல் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு தேவை. அதற்குப் பிறகுதான் அம்மாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாடலில் விட்டுப்போனது ஒன்று. கருப்பை வாயின் வெளிப்பக்கத்தில் தட்டையான செல்கள் பல அடுக்காக இருக்கும், உள் குழாயில் உயரமான செல்கள் ஒற்றை அடுக்காக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கும். வைரஸ் பிடித்துக்கொள்வதும் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவதும் இந்த வளையத்தில்தான். மாடலில் இதற்கு அடையாளமே இல்லை, வாய்ப்பகுதி முழுக்க ஒரே ரோஸ் நிறம். வாங்கியதும் முதல் வேலையாக, வாய் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு நூலால் ஒரு வளையம் தைத்துவிடுங்கள். தையல் தெரியாவிட்டால் சிவப்புத் துணிப் பேனா போதும். அம்மாக்களிடம் பின்னால் பேச வேண்டிய பாதி விஷயம் இந்தச் சிவப்பு வளையத்தைக் காட்டித்தான் விளங்கும்.

நான்காவது தாள் வைரஸ். பல்லும் கொம்பும் வைத்த உருண்டையாக வரைந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். கீழே உள்ள வாசகம் சரியாகவே இருக்கிறது: எச்.பி.வி. என்ற வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அவற்றில் 14 போலத்தான் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடியவை, அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றதையும் ஒரு வரியில் சொல்கிறார்கள். பெரிய பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்வார்கள்.

ஐந்தாவது தாளைக் கழற்றிவிடுங்கள். கட்டாயம். வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதற்கு அதில் எழுதியிருப்பது ‘தகாத உறவின் மூலம்’. இந்த மூன்று சொல் செய்யும் கேடு பெரிது. ஒரு அம்மா பரிசோதனைக்குப் போவதென்றால், தான் தகாத உறவில் இருந்ததாக ஒத்துக்கொள்வது போல ஆகிவிடும். நாளைக்கு ரிசல்ட் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் வீட்டில் சண்டை, சந்தேகம். மகளுக்கு ஊசி போடுவதும் ‘எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல’ என்ற இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். உண்மை என்னவென்றால், உடலுறவு வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரஸ் தொற்றும். ஒரே ஒருவருடன் மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் தொற்றும். வருடக்கணக்கில் அறிகுறியே இல்லாமல் இருக்கும் என்பதால் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது. தோலும் தோலும் படுவதால் பரவுவது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. தாளுக்குப் பதிலாக வாயால் சொல்ல ஒரு வாசகம்: “இது ரொம்ப சாதாரணமா பரவுற வைரஸ்மா. கல்யாண வாழ்க்கையில இருக்கற யாருக்கும் வரலாம். யார் மேலயும் தப்பு இல்ல.” பிள்ளைகளுக்கு இவ்வளவுகூட வேண்டாம். “பெரியவங்க ஆனப்புறம் நெருக்கமான உறவுல பரவுற வைரஸ், அதனால அதுக்கு முன்னாடியே ஊசி போடறோம்” என்றால் பத்து வயதுக்குப் போதுமானது. பதினான்கு வயதுப் பிள்ளை மேலே கேட்டால் உடலுறவு என்ற சொல்லைச் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். சொல்பவர் நெளிந்தால் கேட்பவர் வாயை மூடிக்கொள்வார்.

ஆறாவது தாள், செல் மாறும் கதை, பெட்டியில் மிக நன்றாக வரைந்த தாள். தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே வைரஸை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் அது தங்கிவிடும். தங்கினால் செல்கள் மெல்ல மாறும். மாறிய செல்கள் புற்றுநோயாக வழக்கமாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து, சிகிச்சையும் எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 வருடமே போதும். இந்த நீண்ட இடைவெளியை ஒரு சாலையாக வரைந்து, நடுவில் இரண்டு இடத்தில் தடுப்புக் கம்பம் வைத்திருக்கிறார்கள். முதல் கம்பம் ஊசி, இரண்டாவது கம்பம் பரிசோதனை. இந்த ஒரு தாளில் மட்டும் பத்து நிமிடம் நின்றாலும் தகும். முதல் கம்பத்தின் அருகே மகள்களையும் இரண்டாவது கம்பத்தின் அருகே அம்மாக்களையும் விரல் வைக்கச் சொல்லுங்கள். யாருக்கு எது என்பது அத்துடன் பதிந்துவிடும்.

அடுத்த தாளில் முற்றிய கட்டியின் நிஜப் புகைப்படம். இதையும் கழற்றுங்கள். பயமுறுத்தினால் பரிசோதனைக்கு வருவார்கள் என்று நினைத்துச் சேர்த்திருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. பயந்தவர் ‘எனக்கும் இப்படி இருந்தா?’ என்று தள்ளிப்போடுவார், பிள்ளைகள் அதற்குப் பிறகு எதையும் கேட்க மாட்டார்கள். எட்டாவது தாளில் அறிகுறிகள்: மாதவிடாய்க்கு இடையில் இரத்தம், உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், இடுப்பு வலி. எல்லாம் சரி. ஆனால் பரிசோதனையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே அறிகுறியைச் சொல்வதால், ‘எனக்கு இதெல்லாம் இல்லை, அதனால் டெஸ்ட் வேண்டாம்’ என்று அம்மாக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பரிசோதனை என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குத்தான். அறிகுறி இருப்பவர் பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். எட்டாவது தாளைக் கழற்றிக் கடைசியில் கோர்த்துக்கொள்ளுங்கள், ஸ்பைரல் கம்பி என்பதால் எளிது.

தடுப்பூசித் தாள்கள் பத்தும் பொதுவாகத் தரமானவை. ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பதை வெறும் சட்டையாக வரைந்திருப்பது நல்ல யோசனை. வைரஸின் வெளி உறையில் இருக்கும் புரதத்தை மட்டும் தனியே தயாரித்து, அதே உருண்டை வடிவில் சேர்த்திருப்பார்கள். உள்ளே வைரஸின் மரபுப்பொருள் கிடையாது. சட்டை இருக்கிறது, ஆள் இல்லை. அதனால் ஊசியால் தொற்று வர வழியே இல்லை; உடம்பு சட்டையைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட தொற்றை இந்த ஊசி குணப்படுத்தாது என்பதால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள்.

டோஸ் தாளில் மேலே ஒட்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். ‘மூன்று டோஸ்: 0, 1, 6 மாதம்’ என்று எல்லா வயதுக்கும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அது பழைய கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி 9 முதல் 14 வயதுக்கு ஒன்று அல்லது இரண்டு டோஸ், 15 முதல் 20 வயதுக்கும் ஒன்று அல்லது இரண்டு, 21-க்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. எந்த நாட்டில் எந்தத் திட்டம் நடக்கிறதோ அதன் கணக்கை ஒட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று என்று ஒரு முறை காதில் விழுந்துவிட்டால், ஒரே டோஸ் போடும் இடத்தில் ‘மீதி ரெண்டு ஊசியை ஏன் போடல?’ என்ற சந்தேகம் ஊரெல்லாம் சுற்றும்.

படத்தில் ஒரே ஒரு கம்பெனியின் குப்பியைக் காட்டியிருப்பதும் தவறு. மையத்தில் வேறு குப்பி இருந்தால் ‘நீங்க காட்டினது இது இல்லையே’ என்று பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போய்விடுவார்கள். கார்டசில், செர்வாரிக்ஸ், கார்டசில் 9, செக்கோலின், செர்வாவாக் என்று பல உண்டு. எல்லாமே 16, 18 வகைகளைத் தடுப்பவை. கார்டசிலும் செர்வாவாக்கும் மருக்களை உண்டாக்கும் 6, 11 வகைகளையும் சேர்த்துத் தடுக்கும். கார்டசில் 9 இவற்றோடு 31, 33, 45, 52, 58 வகைகளையும் தடுக்கும். கிடைப்பதைப் போட்டுக்கொள்ளலாம், பெயரைத் தேடி வருடத்தைத் தள்ள வேண்டாம்.

‘100% பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தாளையும் திருத்துங்கள். எந்தத் தடுப்பூசியும் எல்லா வகை வைரஸையும் தடுக்காது. மிகைப்படுத்த அவசியமே இல்லை, உள்ள கணக்கே வலுவானது. இங்கிலாந்தில் 12-13 வயதில் ஊசிக்கு அழைக்கப்பட்ட தலைமுறையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. 100 என்று சொன்னால் இன்னொரு கெடுதலும் உண்டு: ஊசி போட்ட மகள் வளர்ந்து 30 வயதானதும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதே மறந்துபோகும்.

ஊசி நாள் பற்றிய தாளுக்கு முழு மதிப்பெண். வெறும் வயிற்றோடு வரக் கூடாது, தோள் வரை ஏற்றக்கூடிய தளர்ந்த கைச்சட்டை வேண்டும், மேல்கைத் தசையில் அரை மில்லி அளவு மருந்து, போட்ட பின் 15 நிமிடம் உட்கார வேண்டும். இந்த 15 நிமிடத்தைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். இந்த வயதில் ஊசி போட்டதும் தலைசுற்றி மயங்கி விழுவது புதிதல்ல. அது மருந்தால் அல்ல, ஊசிப் பயத்தால். ஆபத்து மயக்கத்தில் இல்லை, நின்றபடி விழுந்து தலையில் அடிபடுவதில் இருக்கிறது. ஒரு பிள்ளை விழுவதை வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகள் பார்த்தால் அடுத்தடுத்து நாலைந்து பேருக்குத் தலைசுற்றும். கையேடு சொல்லாத ஏற்பாடு ஒன்று: ஊசி போடும் இடம் வரிசையின் கண்ணில் படாதபடி திரை போடுங்கள், போட்டவர்கள் வேறு வாசல் வழியாகப் போய் உட்காரட்டும், மிகவும் பயப்படும் பிள்ளைக்குப் படுக்கவைத்தே போடுங்கள். கை வலி, லேசான வீக்கம், தலைவலி, ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரவில் யாரும் பதற மாட்டார்கள்.

மாதவிடாய் நேரத்தில் போடலாமா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். தாளில் பதில் இல்லை. தாராளமாகப் போடலாம். லேசான சளி இருந்தாலும் போடலாம், கடும் காய்ச்சல் என்றால் தள்ளிப்போடலாம். முந்தைய டோஸுக்கோ மருந்தின் ஏதாவது சேர்மானத்துக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்குப் போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இப்போது வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“இத போட்டா பின்னாடி கொழந்த நிக்காதாமே?” இந்தக் கேள்விக்குப் பெட்டியில் ஒரு தாள் முழுக்க ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பதில் மூன்றே சொல்: ‘இது தவறான வதந்தி.’ கேட்டவரை மட்டம் தட்டுவது போல இருக்கிறது. இந்தப் பயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கருப்பை என்ற சொல் பெயரிலேயே வருகிறது, பல இடங்களில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போடுகிறார்கள், அதுவும் வயதுக்கு வரும் நேரத்தில். பயத்தை ஒத்துக்கொண்டு பிறகு பதில் சொல்லுங்கள். ஊசி கையின் தசையில் போகிறது, கருப்பையில் எதுவும் செய்வதில்லை. 2006-இலிருந்து உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டாகிவிட்டது, பிள்ளைப்பேறு பாதிப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சொல்லப்போனால் இந்த நோய் வந்து சிகிச்சையாகக் கருப்பையையே எடுக்க நேர்ந்தால்தான் பிள்ளைப்பேறு போகும். ஜப்பானில் 2013-இல் பக்கவிளைவு பற்றிய அச்சம் பரவியதும் அரசு பரிந்துரைப்பதையே நிறுத்திவைத்தது. சுமார் 70 சதவீதமாக இருந்த தடுப்பூசி அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. 2022-இல்தான் மறுபடி பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். நடுவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஊசி இல்லாமலே வளர்ந்துவிட்டார்கள். வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பொறுமையாக ஐந்து நிமிடம் கொடுப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கடைசி இரண்டு தாள், பரிசோதனை. ஒன்றில் வெள்ளைக் கோட்டு மருத்துவர் சிரிக்கிறார், இன்னொன்றில் ‘30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பரிசோதனை செய்துகொள்ளவும்’ என்ற வரி. எந்தப் பரிசோதனை, வலிக்குமா, எவ்வளவு நேரம், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, ஏதாவது இருந்தால் என்ன செய்வார்கள்? ஒன்றும் இல்லை. அம்மாக்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியதைக் கீழே தருகிறோம். இதை வைத்து இரண்டு தாள் நீங்களே எழுதிச் சேர்த்துவிடலாம்.

மூன்று விதமான பரிசோதனைகள் உண்டு. முதலாவது எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட்: வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் முதலில் கைகாட்டுவது இதைத்தான். 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை போதும்; எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலிருந்து 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. இதற்கான மாதிரியைத் தானே எடுத்துக்கொடுக்கும் வசதியும் பல இடங்களில் வந்திருக்கிறது. மென்மையான பிரஷ்ஷைப் பிறப்புறுப்புப் பாதைக்குள் சில சென்டிமீட்டர் விட்டுச் சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுத்தால் முடிந்தது, கருப்பை வாயைத் தொடவேண்டும் என்பதுகூட இல்லை. கூச்சத்தால் வராதவர்களிடம் இதை முதலில் சொல்லுங்கள். இரண்டாவது பாப் ஸ்மியர்: சிவப்பு வளையத்திலிருந்து செல்களைத் தடவி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. மூன்றாவது வி.ஐ.ஏ.: 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பது. மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும், அப்போதே ரிசல்ட் தெரிந்துவிடும். இந்த இரண்டும் என்றால் 3 வருடத்துக்கு ஒருமுறை. மாதவிடாய் நின்றவர்களுக்குச் சிவப்பு வளையம் குழாய்க்குள் ஏறிப்போய்விடுவதால் வி.ஐ.ஏ. பொருந்தாது. மாடலில் வளையம் தைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மாதவிடாய் நாளில் போக வேண்டாம். இரண்டு நாள் முன்பிருந்து உடலுறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம், உள்ளே கழுவுவது எதுவும் வேண்டாம். பாதையை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெக்குலம் வைக்கும்போது அழுத்தம் தெரியும், சிலருக்குக் கொஞ்சம் வலிக்கும்; வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்ல உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாம் சேர்ந்து சில நிமிடம்தான். ‘போன வருஷம் ஸ்கேன் எடுத்தேன், நார்மல்னு சொன்னாங்க’ என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். வயிற்று ஸ்கேனில் இந்தச் செல் மாற்றம் தெரியாது. அது வேறு, இது வேறு. கருப்பையை எடுத்துவிட்டேன் என்பவரிடம், வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுத்தார்களா, எதற்காக எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் மிச்சம் இருந்தால் பரிசோதனையும் மிச்சம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வைரஸ் இருக்கிறது, இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். மாறிய செல்கள் இருந்தால் குளிரவைத்தோ சூடுபடுத்தியோ அந்த இடத்தை மட்டும் அழிக்கலாம், அல்லது கம்பி வளையத்தால் சீவி எடுக்கலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம், கருப்பை அப்படியே இருக்கும். இதைச் சொல்லாமல் டெஸ்ட்டுக்கு அனுப்பினால் ரிசல்ட் வாங்கவே திரும்பி வராதவர்கள் இருப்பார்கள்.

கையேடு 90 நிமிடமும் அம்மாவையும் மகளையும் சேர்த்தே வைக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் மகள் முன்னால் அம்மா வெள்ளைப்படுதலைப் பற்றி வாயே திறக்க மாட்டார், அம்மா முன்னால் மகளும் எதையும் கேட்க மாட்டாள். முதல் 35 நிமிடம் சேர்ந்து, அடுத்த 30 நிமிடம் இரண்டு அறையில் தனித்தனியாக, கடைசி 25 நிமிடம் மறுபடி சேர்ந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பத்து, பன்னிரண்டு ஜோடிக்கு மேல் சேர்க்காதீர்கள். கேள்விப் பெட்டியைப் பயன்படுத்தும்போது எல்லோருக்கும் ஒரே நிறச் சீட்டும் ஒரே மாதிரிப் பென்சிலும் கொடுத்து, கேள்வி இல்லாதவர் ஒரு கோடு போட்டாவது மடித்துப் போடட்டும். எழுதுபவர் மட்டும் குனிந்திருந்தால் யார் கேட்டது என்று தெரிந்துவிடும். சீட்டுகளைப் பொதுவில் படிக்கும் முன் தனியாகப் பிரித்துப் பாருங்கள். தனக்கு நடந்த கொடுமையை ஒரு பிள்ளை அதில் எழுதியிருக்கக்கூடும். அது சபையில் படிக்கும் சீட்டு அல்ல. அந்தப் பிள்ளைக்கு யார் உதவி, எங்கே தொடர்புகொள்வது என்பதை வகுப்புக்கு முன்பே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

அம்மா இல்லாத பிள்ளைகளையும் பெட்டி மறந்துவிட்டது. பாட்டியோ பெரியம்மாவோ சித்தியோ அத்தையோ கூட வந்திருப்பார்கள். ‘அம்மாமார்கள் எழுந்து இந்தப் பக்கம் வாங்க’ என்னும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. ‘கூட வந்தவங்க’ என்று சொல்லுங்கள், போதும். வந்திருப்பது பாட்டி என்றால் அவரிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: மாதவிடாய் நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா? “ஆமாமா, ரெண்டு தடவ பட்டுச்சு, அது சூடுனு விட்டுட்டேன்” என்று பதில் வந்தால் அவரை முகாமுக்கு அல்ல, மருத்துவரிடம், அந்த வாரமே அனுப்ப வேண்டும்.

கடைசியாக வீட்டுக்குக் கொடுக்கும் அட்டை. கெட்டியான தாள், கையடக்க அளவு, மகளின் பெயர், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண் எழுதக் கட்டம். நன்றாக இருக்கிறது; நல்ல உறையில் போட்டு வைத்தால் பல வருடம் தாங்கும். அதில் இல்லாதது இரண்டாவது வரிசை. பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, ‘கூட வந்தவர் பெயர்’, ‘பரிசோதனை தேதி’, ‘இடம்’, ‘ரிசல்ட் வாங்கும் தேதி’, ‘அடுத்த பரிசோதனை வருடம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். 50 அட்டைக்கும் முதல் நாள் இரவே போட்டுவைத்துவிடலாம். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் முன்பக்கத்தை அம்மா நிரப்பட்டும், பின்பக்கத்தை மகள் நிரப்பட்டும். தேதிக் கட்டத்தில் எந்தக் கிழமை வசதி என்று மகளே அம்மாவிடம் கேட்டு எழுதட்டும். அவர்கள் எழுதி முடிக்கும் வரை மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.